ரூத் காவல் போட்ட நாடு

1

பாளையங்கோட்டையிலிருந்து யாங்கூனுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தொரு வருடம். அதற்காக யாரும் கேக் வெட்டவில்லை. வழக்கம்போல வெளிநாட்டவர் பதிவைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் காலை எட்டரைக்குப் போய் நின்று, மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். படிவத்தில் ‘வந்த காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. முதல் வருடம் ‘திருமணம்’ என்று எழுதினேன். மாற்றினால் ஆயிரம் கேள்வி வரும் என்பதால் வருடா வருடம் அதையே எழுதிக் கொடுக்கிறேன். இருபத்தொரு வருடமாக ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் நான். பந்தி இன்னும் முடியவில்லை.

நாங்கள் இருப்பது தின்கன்ஜூனில். வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள் குடியிருக்கும் பக்கம். வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். அதனால் தெருவே என்னை ‘ஸயாமா’ என்கிறது, டீச்சரம்மா என்று அர்த்தம். என் கணவர் டேனியல் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, தலைமுறை தலைமுறையாகக் குமாஸ்தா வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். இப்போது லத்தாவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் சரக்குப் பொறுப்பு அவரிடம் இருக்கிறது. ஒரே மகள் ரூத். பத்தொன்பது வயது. பள்ளியில் அவளுக்கு வேறு பெயர், தின்ஸார். சிநேகிதிகளோடு பர்மிய மொழி, படிப்புக்கு ஆங்கிலம். பசித்தால் மட்டும் தமிழ். அதனால்தான் நான் சமையலைக் கொஞ்சம் தாமதமாகவே தொடங்குவேன்.

நான் வரிசையில் நின்ற அதே வாரம், இந்த ரூத் ஒரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கையை எழுதிக்கொண்டிருந்தாள். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

2

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசுக் கொள்கை படிக்க, முழு உதவித்தொகையோடு ஓர் இடம் இருந்தது. இந்தப் பக்கத்து நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் ரூத் போவாள். கிடைக்காவிட்டால் எங்கள் வசதிக்கு வேறு வழியில்லை. என் டியூஷன் அறையில் இரண்டாவது நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான். அவள் அந்த நாற்காலியை எவ்வளவு வெறுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அங்கே உட்கார்ந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டு ஜெபம் செய்வது லேசான காரியம் இல்லை.

தேர்வுக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார்கள். கற்பனை நாடு. ஆறு லட்சம் ஜனம், ஓர் ஆறு, ஒரு துறைமுகம். வடக்கிலும் கிழக்கிலும் பெரிய நாடுகள். பணம் இவ்வளவுதான், படித்தவர்கள் இவ்வளவுதான் என்று ஒரு தாள். இந்த நாட்டின் பாதுகாப்புக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கொள்கை எழுது. பிறகு மூன்று பேர் இணையத்தில் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் அப்பா பட்டாளத்துக்காரர். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காலையில் வாளியில் தண்ணீர் பிடிப்பதைக்கூட அணிவகுப்பாக நடத்தியவர். ஆகவே இந்த விஷயத்தில் வீட்டில் நான்தான் நிபுணி என்று நினைத்துக்கொண்டேன். வரைபடத்தைப் பார்த்ததும் வடக்கில் இத்தனை பேர், கிழக்கில் இத்தனை பேர், ஆற்றுப் பாலத்தில் ஒரு பீரங்கி என்று விரலை வைத்துச் சொன்னேன்.

ரூத் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எதிரி யார் என்று கேள்வித்தாளில் போடவில்லை என்றாள். முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுத வேண்டும், அப்புறம் அதற்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வரும் என்று பார்க்க வேண்டும், அதிலும் எது முதல், எது ஐந்தாவது என்று வரிசை போட வேண்டுமாம். பெரிய நாடு எல்லாவற்றுக்கும் பயப்படலாம், அதற்குக் காசு இருக்கிறது. சின்ன நாடு எதற்குப் பயப்படுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் என் அப்பாவே எழுந்து சல்யூட் அடித்திருப்பார்.

எட்டுப் பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். காற்புள்ளிகளைத் திருத்தினேன், இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை பிடித்தேன். அருமையாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லி அனுப்பச் சொன்னேன்.

3

கேள்வி கேட்க அவர்கள் குறித்த நேரம் பகல் பதினொரு மணி. எங்கள் பகுதியில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். அன்றைக்கு எங்கள் முறை இல்லை. பேட்டரியை முந்தின நாளே ஏற்றி வைத்து, டியூஷன் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு, பக்கத்து வீட்டில் அம்மியை ஓரமாக வைக்கச் சொல்லி, எல்லா ஏற்பாடும் செய்திருந்தோம். ரூத் முன்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெங்காயம் அந்த வாரம் முழுக்க யாருக்கும் தேவைப்படவில்லை.

முதல் கால் மணி நேரம் நன்றாகவே போனது. துறைமுகத்தைப் பற்றிக் கேட்டார்கள், ஆற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். பேராசிரியை ஒருவர் அதுவரை பேசாமலே இருந்தார். அவர் ஐந்தாம் பக்கத்துக்கு வந்தார். அதில் ரூத் இப்படி எழுதியிருந்தாள்: வீடுதோறும் இரவு தங்கும் விருந்தாளிகளின் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிடுவதால், எல்லைக் காவலைப் பாதியாகக் குறைக்கலாம்; மிச்சமாகும் ஆட்களைத் துறைமுகத்துக்கு அனுப்பலாம்.

யார் பதிகிறார்கள் என்று பேராசிரியை கேட்டார்.

வீட்டுக்காரர்கள் போய்ப் பதிவார்கள் என்றாள் ரூத்.

நாங்கள் கொடுத்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எழுதவில்லையே என்றார் அவர்.

ரூத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பிறகு மெதுவாக, எல்லா நாட்டிலும் உள்ளதுதானே என்று கேட்டாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே உங்கள் வீட்டில் ஒருவர் இரவு தங்கினால், அவருடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும். யார், எந்த ஊர், என்ன உறவு, எத்தனை நாள். நான் வந்த முதல் மாதம், மாவ்பியிலிருந்து என் நாத்தனார் ஒரு கூடைக் காய்கறியோடு வந்தாள். மழை பிடித்துக்கொண்டது, தங்கச் சொன்னோம். உடனே டேனியல் குடையை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். கூடப் பிறந்த தங்கையையா பதிகிறீர்கள் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டில் யாரும் கூடச் சிரிக்கவில்லை. இப்போது அதே நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கார்டு கொண்டுவந்தாயா என்று கேட்கிறேன்.

ரூத் இதற்குள் பிறந்தவள். மழை பெய்யும், விருந்தாளியைப் பதிவார்கள், இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். அவளைக்கூட விடுங்கள். மூன்று முறை படித்தேனே, பாளையங்கோட்டைக்காரி, நான் என்ன செய்தேன்? ‘பதிவாகிவிடுவதால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி போட்டேன். யாங்கூன்காரி ஆகிவிட்டேனா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. அன்றைக்குத் தீர்ந்தது.

நான்கு நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஐந்தாம் பக்கத்தையும் அதைத் தொட்டு நிற்கும் எல்லாவற்றையும் மாற்றி எழுதி, திரும்ப வர வேண்டும். ரூத் கணினியை மூடிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பசிக்கும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அவளுக்குப் பசிக்கவில்லை.

4

மறுநாள் காலையில் மொஹிங்கா வாங்கி வந்து வைத்தேன். வாழைத்தண்டு போட்ட அந்த மீன் குழம்புச் சேமியாவுக்கு முன்னால் இந்த ஊரில் எந்தக் கோபமும் நிற்காது. ரூத் வந்து உட்கார்ந்தாள். அந்த வரியை அழித்துவிடு, அதற்குப் பதில் எல்லையில் இரண்டு மடங்கு ஆளைப் போடு, பிரச்சினை தீர்ந்தது என்றேன்.

அவள் ஒரு தாளை எடுத்து என் முன்னால் போட்டாள். ஆறு லட்சத்தில் குழந்தைகளையும் முதியவர்களையும் கழித்து, மிச்சத்தில் எத்தனை பேர் நர்ஸ், எத்தனை பேர் துறைமுகத்தில், எத்தனை பேர் வயலில் என்று எழுதியிருந்தாள். ஒரு ஆளை எல்லைக்கு அனுப்பினால் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஆள் இருக்காது. சும்மா இருப்பவன் என்று அந்த நாட்டில் ஒருவன்கூட இல்லை. பட்டாளத்துக்காரர் மகள் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவள்தான் கேட்டாள். “அம்மா, உங்க ஊர்ல இந்தப் பதிவு கிடையாதா?”

“கெடையாது.”

“அப்ப யார் வீட்ல யார் இருக்காங்கன்னு எப்டித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும். எங்க காலனில ஒரு வீட்டுக்கு மச்சினன் வந்து எறங்குனா, அவன் பெட்டியத் தொறக்கதுக்கு முன்ன அஞ்சு வீட்டுக்குத் தெரிஞ்சிரும்.”

“யார் போய்ச் சொல்வாங்க?”

“அந்த வீட்டுக்காரிதாம் சொல்லுவா. சொல்லாம இருக்கச் சொன்னாலும் சொல்லுவா.”

“ஏன் சொல்றாங்க?”

நல்ல கேள்வி. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். சொன்னா என்னட்டி ஆயிரப்போகுது, அதாம் சொல்லுதா என்றேன். ரூத் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் சொன்னதைப் பர்மிய மொழியில் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அன்று மாலை டேனியல் கடையிலிருந்து வந்தார். அவர் பேசுவது குறைவு. மனைவி பேசுவது அதிகம் என்றால் கணவருக்கு வேறு வழி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள். இரண்டு நாளாக வீட்டில் எல்லைக் காவல் பற்றியே பேச்சு நடப்பதைக் கேட்டுவிட்டு, லோஞ்சியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு ரூத்திடம் சொன்னார்: “எல்லைய அப்றம் பாரும்மா. நாளைக்குக் கப்பல் வரலன்னா எண்ணெ எத்தன நாளைக்கி வரும்னு உன் நாட்ல யாருக்காவது தெரியுமா?”

அவருடைய கடையில் ஒருமுறை நடந்ததைச் சொன்னார். ஒருநாள் காலையில், எண்ணெய்க் கப்பல் வரவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் தெரு முனை வரை வரிசை. ஒரு டின் வாங்குகிறவர்கள் ஐந்து டின் வாங்கினார்கள். மூன்று மணிக்குக் கிடங்கு காலி. கப்பல் அதன் நேரத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. கப்பலால் ஒரு மணி நேரம்கூடத் தாமதமில்லை, ஆனால் ஊரில் எண்ணெய் இல்லை. கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காலையிலேயே ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது டேனியலின் கட்சி. முதலாளி மாட்டவில்லை. சரக்கை வெளியே சொல்லாதே என்பது வியாபாரப் பாடம்.

ரூத் அடுத்த நாள் அப்பாவோடு லத்தாவுக்குப் போய்ப் பகல் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு கொடுக்கும் சாக்கில் நானும் போனேன். அரிசி மூட்டைக்கும் பூண்டு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, ஒரு வழி அடைத்தால் வேறு வழி உண்டா, எது முதலில் தீரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டேனியலும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணமான நாள் முதல் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

புதிய ஐந்தாம் பக்கத்தில் விருந்தாளிப் பதிவு இல்லை. எல்லைக் காவலை அவள் பாதியாகக் குறைக்கவில்லை, கால்வாசிதான் குறைத்தாள். அதற்குக் கீழே, அரிசி, எண்ணெய், மருந்து எவ்வளவு இருக்கிறது என்று வாரா வாரம் ஒவ்வொரு வார்டிலும் அரசாங்கம் பலகையில் எழுத வேண்டும் என்று போட்டிருந்தாள். குறைந்தாலும் எழுத வேண்டும், குறையும்போது கட்டாயம் எழுத வேண்டும். கொள்கையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்கும் குழுவில் ராணுவத்தாரோடு ஒரு நர்ஸும் ஒரு மளிகைக்காரரும் இருக்க வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: ஜனங்கள் தாங்களாக வந்து ஒரு தகவலைச் சொல்ல வேண்டுமென்றால், சொன்னவருக்குத் தீங்கு வராது என்பது முதலில் நிச்சயமாக வேண்டும்.

இந்த முறை நான் காற்புள்ளியில் கை வைக்கவில்லை.

5

இரண்டாவது முறை மின்சாரம் இருந்தது. வெங்காயம் இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் பக்கத்தை அவர்கள் சீக்கிரமே கடந்துவிட்டார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. மளிகைக்காரரை ஏன் சேர்த்தாய் என்று கேட்டபோது, ரூத் எண்ணெய்க் கதையைச் சொன்னாள். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், அதில் கேலி இல்லை. என் தோள் கொஞ்சம் இறங்கியது.

பேராசிரியை ஏழாம் பக்கத்தை எடுத்தார். மாற்றி எழுதிய அந்தப் பக்கத்தை ரூத் எனக்குக் காட்டவில்லை. ஆள் குறைவான நாடு என்பதால், வருடத்துக்கு நூறு இளைஞர்களை வெளிநாடுகளுக்குப் படிக்க அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். கப்பல் ஓட்டவும் வைத்தியம் பார்க்கவும் பேச்சுவார்த்தை நடத்தவும் தெரிந்த ஆட்கள் வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நூறில் அறுபது பேர்தான் திரும்பி வருவார்கள் என்று வைத்துக்கொண்டு திட்டம் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள்.

நாற்பது பேரை இழப்பது உன் நாட்டுக்கு ஆபத்தில்லையா என்று கேட்டார் பேராசிரியை. அனுப்பாமல் பிடித்து வைப்பது அதைவிட ஆபத்து என்றாள் ரூத். பிடித்து வைத்தால் நூறு பேரும் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு மனதால் போய்விடுவார்கள் என்றாள். அந்த நாற்பது பேரைத் துரோகி என்று எழுத மாட்டேன், அவர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் பேசிக்கொண்டே இருக்க ஓர் அலுவலகம் வைத்திருக்கிறேன், செலவு குறைவு என்றாள்.

சரி என்றார் பேராசிரியை. பிறகு, இந்த இடம் உனக்குக் கிடைத்தால் நீ அறுபதில் ஒருத்தியா, நாற்பதில் ஒருத்தியா என்று கேட்டார்.

முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அறுபது என்று சொல், சொல்லிவிடு, இடம் கிடைத்துவிடும் என்று மனம் அடித்துக்கொண்டது. எனக்காகவும் அறுபது என்று சொல்ல வேண்டும் என்றும் அடித்துக்கொண்டது.

தெரியாது என்றாள் ரூத். இப்போதே தெரியும் என்று சொன்னால், நான் எழுதிய கொள்கையை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றாள்.

6

வியாழக்கிழமை கடிதம் வந்தது. இடம் ரூத்துக்கு.

டேனியல் கடையிலிருந்து ஒரு பெட்டி இனிப்போடு வந்தார். டியூஷன் பிள்ளைகள் ஸயாமாவின் மகள் பறக்கப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். ரூத் தின்ஸாராக மாறிச் சிநேகிதிகளோடு இரண்டு மணி நேரம் போனில் பேசினாள். பிறகு பசியோடு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். தட்டை வைத்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் என்னால் முடியவில்லை.

“ஏட்டி, அந்த நாப்பதுல நீயும் ஒருத்தியாயிட்டா?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, குத்தலுமில்லை.

“ஆனா ஆயிட்டுப் போறேம்மா. நீங்க ஆகலையா?”

இருபத்தொரு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நான் கல்யாணமாகி வந்தவள், பிழைப்புக்கு வந்தவள், பர்மாவில் இருக்கிறவள். இப்படித்தான் என்னைச் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொள்வேன். திரும்பி வராத நாற்பதில் ஒருத்தி என்று நான் என்னை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒருவர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ரூத்துக்குக் குழம்பு ஊற்றிவிட்டு, பாளையங்கோட்டைக்கு அம்மாவை அழைத்தேன். நாங்கள் பேசிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு. வியாழக்கிழமை மணி அடித்ததும் பயந்துபோய்விட்டாள். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ரூத்துக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்துவிட்டது, போகப் போகிறாள், எல்லாம் நல்ல செய்திதான் என்று கணீரென்று சொன்னேன். டியூஷன் எடுக்கிற குரல் எனக்கு, அதில் ஒரு நடுக்கமும் இருந்திருக்காது.

அந்தப் பக்கம் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. நல்லது, கர்த்தர் காப்பாற்றுவார், எப்போது கிளம்புகிறாள் என்றெல்லாம் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“மொத வருசந்தாம் கஷ்டமா இருக்கும்ட்டி,” என்றாள். “அதுக்கப்புறம், போன் வார கெழமைய வச்சே நாள் போயிரும்.”